மண்ணீரல் வீக்கம்: ஆஸ்பத்திரிக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?



லயத்துக்கு வந்து "முக்கியமான பேப்பர் எல்லாம் எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று நாங்கள் கேட்டால், ஒரு பிஸ்கட் டின்னையோ ஒரு ஷொப்பிங் பையையோ எடுத்து வருவீர்கள். அதில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், அடையாள அட்டை இருக்கும், சேமலாப நிதிப் பேப்பர் இருக்கும், அடகுச் சீட்டுக்கூட இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கார்ட் மட்டும் அநேகமாக இருக்காது. "அது எதுக்குங்க, சுகமாகித்தானே வந்தோம்" என்று சொல்வீர்கள்.

அது எதற்கு என்பதுதான் இந்தப் பாடம். மண்ணீரல் வீக்கம் என்ற ஒரு விடயத்தை வைத்துச் சொல்கிறோம். முதலில் எங்கள் கண் முன்னே நடந்த ஒன்றைச் சொல்லி விடுகிறோம். அதில் எங்கள் தவறும் உண்டு.

நடந்த கதை

சில வருடங்களுக்கு முன் எங்கள் பிரிவொன்றில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். தாய் கொழுந்து மலைக்குப் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்கு நாள் வைத்திருந்து துண்டு வெட்டி அனுப்பினார்கள். கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட். அதில் ஆங்கிலத்தில் காய்ச்சல் என்றும், மண்ணீரல் வீக்கம் என்றும் இரண்டே சொல். எவ்வளவு வீக்கம் என்று இல்லை. எதனால் வீக்கம் என்றும் இல்லை. கீழே ஓர் ஓரத்தில் கிளினிக்குக்கு வர வேண்டிய திகதி சின்னதாக எழுதியிருந்தது.

தாய் அந்தக் கார்டை எங்களிடம் காட்டி, "ஐயா, இதுல என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். நாங்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்ல வந்த வீக்கம்தாம்மா, சரியாப் போயிரும்" என்றோம். திகதியை நாங்கள் கவனிக்கவில்லை. காய்ச்சலும் விட்டது. கார்ட் கூரை ஒழுக்கில் நனைந்து போனது.

எட்டு மாதம் கழித்துப் பிள்ளை வெளிறிப் போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறான் என்று வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "மண்ணீரல் முன்னமே வீங்கி இருந்ததா? அப்போது எவ்வளவு?" பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. எல்லாப் பரிசோதனையும் முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் அது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் என்று தெரிந்தது. இன்று அந்தப் பையன் ஒழுங்காகக் கிளினிக் போகிறான், பள்ளிக்கூடமும் போகிறான். ஆனால் அந்த எட்டு மாதம் போனது போனதுதான்.

இனி நாம் பாடத்துக்கு வருவோம்.

மண்ணீரல் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

வலது விலாவுக்குக் கீழே ஈரல். இடது விலாவுக்கு உள்ளே, வயிற்றுக்குப் பின்பக்கமாக மண்ணீரல். வளர்ந்த ஒருவருக்கு அது கைமுட்டி அளவு, சுமார் 150 கிராம் நிறை.

அதன் வேலையைத் தேயிலைக் காரர்களுக்குச் சொல்வது சுலபம். பெக்டரியில் சல்லடையில் போட்டுத் தூள் சலிப்பது போல, மண்ணீரல் இரத்தத்தைச் சலிக்கிறது. இரத்தத்தின் சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிர் வாழும். கிழடான அணுக்களை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. இரத்தத்தில் புகும் கிருமிகளை எதிர்ப்பதற்கும் உதவுகிறது.

சாதாரணமாக மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது. பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு பெருத்த பிறகுதான் விலாவுக்குக் கீழே டாக்டரின் விரலில் படும். மெலிந்தவர்களுக்கும் சில சிறு பிள்ளைகளுக்கும் நோய் இல்லாமலே அதன் நுனி படுவதுண்டு. அதனால் நாமே வயிற்றை அமுக்கிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. வீங்கிய மண்ணீரலைப் பலமாக அமுக்குவதும் ஆபத்து.

வீக்கம் ஒரு நோயா?

இல்லை. இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். மண்ணீரல் வீக்கம் என்பது ஓர் அடையாளம். லயத்துக் கூரையில் புகை வந்தால் அடுப்பு எரியலாம், வீடும் எரியலாம். புகையைப் பார்த்தவுடன் "என்ன எரிகிறது?" என்று கேட்கிறோம் அல்லவா? அதே மாதிரி, மண்ணீரல் வீக்கம் என்று சொன்னால் "எதனால் வீக்கம்?" என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சில காரணங்கள்:

1. காய்ச்சல்கள். நெருப்புக் காய்ச்சல், டெங்கு, எலிக்காய்ச்சல், இன்னும் சில வைரஸ் காய்ச்சல்களில் மண்ணீரல் வீங்கலாம். காய்ச்சல் மாறிய பின் வீக்கமும் வற்ற வேண்டும். வற்றியதா என்று திரும்பிப் பார்க்கத்தான் கிளினிக் திகதி கொடுக்கிறார்கள்.

2. ஈரல் சுருங்கும் நோய். கசிப்பும் சாராயமும் பல வருடம் குடித்தால் ஈரல் தழும்பேறி இறுகும். குடிக்காதவர்களுக்கும் வேறு காரணங்களால் இது வரும். இறுகிய ஈரல் வழியே இரத்தம் போக முடியாமல் பின்னால் தேங்கி, மண்ணீரல் பெருக்கும். வயிற்றில் நீர் கட்டுவதும், இரத்த வாந்தி எடுப்பதும் இதன் அடுத்த கட்டம்.

3. தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்கள். சிவப்பு அணு சரியாக உருவாகாமல் சீக்கிரம் அழியும். மண்ணீரலுக்கு வேலை கூடிக்கூடி அது பெருக்கும். தாய், தகப்பன் இருவரும் நோய் இல்லாமலே அதைக் காவுபவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் இருவரும் காவுபவர்களாக இருக்கும் வாய்ப்புக் கூடும். இது யாருடைய குற்றமும் இல்லை. கலியாணத்துக்கு முன் இரத்தம் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நோய்க்கென்றே குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது.

4. இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய். அடிக்கடி வராது. ஆனால் வந்தால் நாள் கடத்தக் கூடாது.

5. மலேரியா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மண்ணீரலை எண்ணிய காலம்

1934, 1935 ஆண்டுகளில் இந்த நாட்டில் மலேரியாக் கொள்ளைநோய் பரவிச் சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் பெருத்து நிற்கும். அதனால் அந்தக் காலத்து டாக்டர்மார் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கை வைத்து எந்த ஊரில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிவார்கள். 1950ஆம் ஆண்டு ஆபிரிக்காவில் கம்பாலா நகரில் நடந்த மலேரியா மாநாட்டில் இதற்கு அளவுகூட வகுத்தார்கள். 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை என்றால் குறைந்த மலேரியா, ஐம்பதுக்கு மேல் என்றால் கடுமையான மலேரியா.

இங்கே எங்கள் மண்ணில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனாலும் வெளிநாட்டில் தொற்றி இங்கே வருபவர்கள் இருக்கிறார்கள். அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்தவர்களும், இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போய் வந்தவர்களும் காய்ச்சல் கண்டால், "இன்ன தேசம் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்த நினைப்பே வராமல் போகலாம்.

குறியீடு என்றால் என்ன?

நீங்கள் வார்டில் இருக்கும்போது கட்டில் அருகே ஒரு டிக்கட் இருக்கும். டாக்டர் பார்த்ததை எல்லாம் அதில் எழுதுவார். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்த டிக்கட் ஆஸ்பத்திரியின் பதிவு அறைக்குப் போகும். அங்கே நோயின் பெயருக்கு ஓர் எழுத்தும் சில இலக்கமும் போடுவார்கள். அதுதான் குறியீடு. உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் செய்த நோய்ப் பட்டியலில் இருந்து அது எடுக்கப்படுகிறது. சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு நாட்டின் நோய்க் கணக்கு போவதும் இப்படித்தான்.

அந்தப் பட்டியலின் 10ஆம் திருத்தத்தில் உள்ளதைப் பாருங்கள்:

மண்ணீரல் வீக்கம், வேறு இடத்தில் வகைப்படுத்தாதது: ஆர் 16.1
ஈரலும் மண்ணீரலும் சேர்ந்து வீக்கம்: ஆர் 16.2
மண்ணீரல் அளவுக்கு மீறி இரத்த அணுக்களை அழித்தல்: டி 73.1
இரத்தம் தேங்கி நாட்பட்ட மண்ணீரல் வீக்கம்: டி 73.2
தலசீமியா: டி 56
ஈரல் தழும்பேறிச் சுருங்குதல்: கே 74, குடியினால் வந்ததென்றால் கே 70.3
நெருப்புக் காய்ச்சல்: ஏ 01.0
மலேரியா: பி 50 முதல் பி 54 வரை

(11ஆம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இலக்கங்கள் வேறு.)

இந்த இலக்கங்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். "ஆர்" என்ற எழுத்தில் தொடங்குபவை எல்லாம் நோய் அல்ல, நோயின் அடையாளங்கள். காரணம் தெரியாதபோது போடுபவை. ஆர் 16.1 என்று போட்டால், "மண்ணீரல் பெருத்திருக்கிறது, எதனால் என்று இன்னும் எழுதவில்லை" என்று அர்த்தம். காரணம் கண்டுபிடித்து டாக்டர் எழுதினால் குறியீடு மாறிக் காரணத்தின் பெயருக்குப் போகும்.

பதிவு அறையில் இருப்பவர் டாக்டர் எழுதியதற்குத்தான் இலக்கம் போடலாம். இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவராக நோய்ப் பெயர் வைக்க முடியாது. செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் எப்படி இல்லையோ, அப்படி எழுத்தில் விழாத நோய்க்குக் கணக்கும் இல்லை. ஒரு பகுதியில் பத்துப் பிள்ளைகளுக்குத் தலசீமியா இருந்து, பத்துப் பேருக்கும் வெறும் வீக்கம் என்றே எழுதியிருந்தால், மேலிடத்துக் கணக்கில் அங்கே தலசீமியாவே இருக்காது.

உங்கள் கையில் தரும் கார்டில் குறியீடு இல்லாமலும் இருக்கும். அதைப் பற்றிக் கவலை இல்லை. சொல் சரியாக இருந்தால் இலக்கம் தானாகச் சரியாக வரும்.

கார்டில் இருக்க வேண்டிய ஆறு விடயங்கள்

துண்டு வெட்டும்போது டாக்டரிடமோ மிஸ்ஸிடமோ மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றம் இல்லை.

1. அளவு. இடது விலா எலும்புக்குக் கீழே எத்தனை சென்ரிமீற்றர், அல்லது ஸ்கேனில் எவ்வளவு நீளம். "இரண்டு விரல்" என்றும் எழுதுவார்கள். ஆனால் ஒருவர் விரல் போல் மற்றவர் விரல் இருக்காது. சென்ரிமீற்றரில் இருந்தால் அடுத்த டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம்.

2. எப்படிப் பார்த்தது. கையால் தொட்டா, ஸ்கேனிலா, எந்தத் திகதியில்.

3. காரணம். தெரியாவிட்டால் "காரணம் இன்னும் தேடப்படுகிறது" என்றாவது இருக்க வேண்டும்.

4. செய்த பரிசோதனைகள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஈரல் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றின் முடிவுகள். முடிவு வராதவை எவை, எப்போது வரும் என்பதும்.

5. செய்யக் கூடாதவை. பாரம் தூக்கக் கூடாது, இலேசான வேலை வேண்டும் என்றால் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். திகதி இல்லாத கடிதத்தை வைத்துத் தோட்டத்து ஒபீஸில் பேசுவது கஷ்டம்.

6. அடுத்த கிளினிக் திகதி, கிளினிக் இலக்கம்.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, செக்ரோலில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பது எங்கள் மக்களின் பழைய தலையிடி. ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னால் கேட்டவர் தன் காதில் விழுந்தபடி எழுதுவார். அடுத்த தடவை பழைய ரிப்போர்ட்டைத் தேடினால் கிடைக்காது. அடையாள அட்டையைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொண்டு போங்கள்.

இந்தக் கார்டுகள் பின்னால் பல இடத்தில் உதவும். வைத்தியச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்பதானாலும், வேலை செய்யவே முடியாத நிரந்தர இயலாமை என்று சேமலாப நிதியை எடுப்பதானாலும், டாக்டர் எழுதிய எழுத்துத்தான் சாட்சி.

எப்போது உடனே ஓட வேண்டும்?

வீங்கிய மண்ணீரல் அடி பட்டால் வெடிக்கலாம். வெடித்தால் வயிற்றுக்குள்ளே இரத்தம் கொட்டும், வெளியே தெரியாது. வழுக்கும் மலையில் விழுவது, மாடு முட்டுவது, பிள்ளைகள் பந்து விளையாடி இடிபடுவது எல்லாம் கவனம். மண்ணீரல் வீக்கம் உள்ளவருக்கு,

- இடது பக்கம் திடீரென்று கடும் வலி வந்தால், அல்லது வலி இடது தோளுக்கு ஏறினால்
- தலை சுற்றி மயங்கி, உடம்பு வெளிறி வேர்த்தால்
- இரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் போல் கறுத்துப் போனால்

விடியட்டும் என்று இருக்காதீர்கள். தோட்டத்து லொறியோ முச்சக்கர வண்டியோ 1990 அம்புலன்ஸோ, எது முதலில் கிடைக்கிறதோ அதில் போங்கள். கார்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒப்பரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தவர்களுக்கும் ஒரு சொல். மண்ணீரல் இல்லாமல் வாழலாம். ஆனால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். போட வேண்டிய தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று இல்லை. காய்ச்சல் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்கு மண்ணீரல் எடுத்திருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்விகள்

வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லுங்கள்.

1. மண்ணீரல் வீக்கம் என்பது நோயா, அடையாளமா?
2. ஆர் 16.1 என்று இருந்தால் நாம் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்ன?
3. காய்ச்சல் மாறிய பிறகும் கிளினிக்குக்கு ஏன் போக வேண்டும்?
4. பெயரை வாயால் சொன்னால் போதுமா?

விடைகள்: 1. அடையாளம். 2. "எதனால் வீக்கம்?" 3. வீக்கம் வற்றிவிட்டதா, வேறு காரணம் உண்டா என்று பார்க்க. 4. போதாது, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

முடிவாக

அந்தப் பையனின் தாய் இப்போது எல்லாக் கார்டையும் திகதி வாரியாக ஒரு பைலில் போட்டு, மழை படாமல் பொலித்தீன் சுற்றி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன மாதம் நாங்கள் போனபோது, "பாருங்க ஐயா, மூணு தடவை அளந்ததும் இதுல இருக்கு" என்று எடுத்துக் காட்டினார். எழுத்துக் கூட்டத் தெரியாத தாய்தான். எந்தக் கார்ட் எந்த மாதத்துக்கு என்பது அவருக்கு மனப்பாடம்.

நாங்களும் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கார்டை யார் காட்டினாலும் கடைசி வரி வரை வாசித்து, திகதியைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறோம். எங்களுக்கு விளங்காததை, "சரியாப் போயிரும்" என்று சொல்லாமல், தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறோம். உங்கள் வீட்டு டின்னுக்குள் பழைய ஆஸ்பத்திரிக் கார்ட் ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடுத்து வையுங்கள். அடுத்த முறை லயத்துக்கு வரும்போது சேர்ந்து வாசிப்போம்.